உள்ளிருந்து தொடங்கிய தட்டு

கல்யாணமான மறுவருஷம் என் கணவர் பட்டாளத்தில் எழுத்தராகச் சேர்ந்து யுத்தத்துக்குப் போனார். பத்து நாளைக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த கடிதம் திடீரென்று நின்றது. நான்கு மாதம். தபால்காரர் தெருவில் திரும்பினாலே என் மாமியாரான அத்தையின் கைவேலை நின்றுவிடும்.

பிறகு தட்டையாக ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கையகலத்தில் ஒரு கறுப்பு இசைத்தட்டு மட்டும். உறையில் விலாசத்தைப் பார்த்த மாமா, "இது அவன் எழுத்து இல்லையே" என்றார். அன்று மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

கல்யாண வீடுகளுக்குக் கிராமபோன் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சியின் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். அவர் தட்டின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது கம்பெனித் தட்டு இல்ல. பேசப்பேச அப்பிடியே வெட்டி எடுத்தது. மெழுகு மாதிரி மெதுவு. இரும்பு ஊசி வச்சா உழுதுபோடும்."

கடைக்குப் பின்னால் நின்ற உடைமரத்திலிருந்து முள் ஒடித்து வந்து, சீவி, ஊசி இருந்த இடத்தில் பொருத்தினார். சாவி கொடுத்து, வழக்கம்போல வெளிஓரத்தில் முள்ளை வைத்தார். கரகரவென்று ஒரு சத்தம். முள் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. மறுபடி வைத்தார். அதே சத்தம்.

"ஒண்ணும் இல்லையே!" அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் முறை வைப்பதற்காக அவர் தட்டை நிறுத்திச் சாவி கொடுக்கும்போது தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாள் என் கண்ணில் பட்டது. இங்கிலீஷில் ஏதோ பென்சிலால் எழுதியிருந்தது. சாயர்புரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவள் நான். மாமா முன்னால் அதுவரை ஒரு வரி வாசித்ததில்லை.

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க! உள்ளேயிருந்து ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு முள்ளை உள்வளையத்தில் வைத்தார்.

"அப்பா, நான்தான் பேசுதேன். உசுரோட இருக்கேன். ஆஸ்பத்திரியில ஒரு மிஷின் கொண்டாந்து எல்லாரையும் பேசச் சொல்லுதாவ. வலது கையில அடி. ரெண்டு விரலை எடுத்துட்டாவ, அதான் எழுத முடியல. அம்மாட்ட விரல் சங்கதியைச் சொல்லிராதீக..."

மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கிராமபோன் குழாய்க்குள் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்கான்லா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

குரல் தொடர்ந்தது. "பிறகு, அவகிட்ட..."

முள் வெளிஓரத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு முறை தேய்த்த இடம். கரகரவென்ற சத்தம்தான்.

அண்ணாச்சி மெதுவாக, "இன்னொருக்கா போடட்டுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். உள்ளதும் தேய்ந்துவிடும் என்று பயந்து வேண்டாம் என்றேன்.

மறுவருஷம் என் கணவர் திரும்பி வந்தார். தட்டின் கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார்.