நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பு

ம்பாலே நகரச் சந்தையில் தக்காளி விற்கும் நம்போசோ, அறுபது வயதில் செல்போன் பழகியவள். ஆர்டரெல்லாம் இப்போது அதில்தான். ஆனாலும் ஆட்கள் வீடு தேடி வந்து பேசிய காலத்துக்காக மனசு ஏங்கும்.

போன வாரம் ஏதோ தகராறில் தம்பி மனைவி முடோனி, சந்தை நடுவில் அவளைத் திருடி என்று கத்தினாள். பிறகு போனில் குரல் பதிவாக மன்னிப்பு அனுப்பினாள்.

“காலம் மாறிடுச்சுக்கா, ஏத்துக்கயேன்,” என்று தம்பி கெஞ்சினான்.

நம்போசோ போனை எடுத்துப் பதில் அனுப்பினாள்: “அடியே, திட்டுறதுக்கு மட்டும் பஸ் ஏறி வந்தியே! மன்னிப்புக் கேக்கவும் அதே வாயோட இங்க வா. அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ.”

மூன்றாம் நாள் முடோனி ஒரு தார் வாழைக்காயோடு, முகத்தைத் தூக்கி வைத்தபடி சந்தைக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள்.

“உக்காரு, டீ சொல்றேன்,” என்றாள் நம்போசோ.