கார்புரேட்டருக்கு ஒரு தேங்காய்

என் ஸ்கூட்டருக்கு வயசாகிவிட்டது என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், ஊருக்கு வேறென்ன வேலை? செல்ஃப் ஸ்டார்ட் செத்து வெகுகாலம். சைலன்சர் உறுமினால் தெருமுனைப் பூனை மதிலேறும். இருந்தாலும் கரமனை வீட்டிலிருந்து பட்டம் பகுதியில் இருக்கும் என் ஆபீஸுக்கு அதில்தான் தினமும் போய்வந்தேன். போன மழைக்காலத்தில் ஒருநாள், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வாசலில், இருமி விக்கி நின்றேபோயிற்று.

மெக்கானிக் நாகர்கோவில்காரர். கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, கார்புரேட்டர் போச்சு. இந்த மாடலுக்க சாமானம் இப்ப எங்கயும் கிட்டாது. கிட்டுனா உங்க பாக்கியம்."

என் கணவருக்கு இது போதும்.

"வித்துடு. என் ஆபீஸுக்கும் நான் பட்டம் வழியாத்தானே போறேன்? ஒண்ணாக் கார்ல போயிடலாம்."

கேட்பவர்களுக்கு நல்ல யோசனை. எனக்குத்தான் ஆகாது. விஷயம் இதுதான்: ஹெல்மெட்டை மாட்டியதும் நான் திட்ட ஆரம்பிப்பேன். வாய்விட்டுத்தான். மேனேஜரை, நாத்தனாரை, ரோட்டுக் குழியை, குழி தோண்டிய புண்ணியவானை, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்ட இந்த மனுஷனை. பட்டம் வருவதற்குள் எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடுவேன். ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகத்தில் அப்படியொரு சாந்தம். "மேடத்துக்குக் கோபமே வராது" என்று ஆபீஸில் எனக்குப் பேர். ஸ்கூட்டர் போனால் பேர் போகும், நாத்தனாரோடு உறவும் போகும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மாதக் கடைசிக்குள் கார்புரேட்டர் கிடைத்தால் ரிப்பேர், இல்லையென்றால் விற்பது என்று மட்டும் பேசி முடித்தேன்.

அன்று சாயங்காலமே பழவங்காடிப் பிள்ளையாரிடம் ஓடினேன். இந்த ஊரில் பரீட்சையானாலும் பாஸ்போர்ட்டானாலும் அவருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டால்தான் மனசு ஆறும். காரியம் நடக்கிறவரை வெளியே மூச்சுவிடக் கூடாது, விட்டால் பலிக்காது. 'பிள்ளையாரப்பா, ஒரு கார்புரேட்டர்' என்று வேண்டிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காரில் போன நாட்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஓட்டுவார். ஏ.சி. குளிரும், அணைத்தால் வேர்க்கும். "மழை வருமோ?" என்பார். "வரும்" என்பேன். பாளையம் வரை பேச்சிருக்காது. பிறகு, "வந்தாலும் வரும்" என்பார். நாளெல்லாம் திட்டுகள் எனக்குள் பொங்கிப் பொங்கி, ஒருநாள் மேனேஜரையே நேருக்குநேர் "உமக்கு மூளையிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் கேட்டது ஸ்டேப்ளர்தான்.

மாதம் முடியப் போகிறது, மெக்கானிக்கின் போன் வந்தது.

"அக்கா, கோட்டாறுல பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி பிரிச்சுப் போட்டிருந்தாவ. கிட்டிட்டு!"

அடுக்களையில் நின்று ஒரு குதி குதித்தேன். "அப்படியா? செரி" என்று என் கணவர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டதோ என்று எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

வண்டி கைக்கு வந்த மறுநாள் காலையில், ஆபீஸுக்குப் போகிற வழியில் பழவங்காடிக்கு விட்டேன். தேங்காயும் கையுமாக நடைக்கு முன்னால் போனால், அங்கே ஒருவர் தேங்காயை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். சீக்கிரம் மீட்டிங் என்று எனக்கு முன்பே கிளம்பிய என் வீட்டுக்காரர்!

"ஏன்னா, இங்கே என்ன பண்றேள்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "சும்மா... ஒரு நேர்ச்சை."

"என்ன நேர்ச்சை? பிள்ளையார் முன்னாடி பொய் சொல்லப்படாது."

"கார்புரேட்டர் கிடைக்கணும்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனசு தெரிந்து, எனக்காக வேண்டிக்கொண்ட மனுஷனையா தினமும் வைது தீர்த்தேன்? "எனக்காகவா?" என்றேன்.

அவர் தேங்காயைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அதுவும் உண்டு... காலம்பற கார்ல தனியாப் போறச்சே நான் கொஞ்சம் பாடுவேன். நீ பக்கத்துல இருந்தா வரமாட்டேங்கறதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

"பாடுவேளா? நீங்களா?"

"சுமாராத்தான்."

எங்களுக்குக் கல்யாணமாகி, பிறந்த மகளும் காலேஜுக்கே போய்விட்டாள். இவர் ஒரு தாலாட்டுக்கூட முனகி நான் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்ன நான் கடித்தா தின்றுவிடுவேன்? "இப்போ ஒண்ணு பாடுங்கோ பார்ப்போம்" என்றேன். "இங்கேயா? நன்னாருக்கு!" என்று தேங்காயை அவசரமாக அடித்துவிட்டுக் காருக்கு ஓடினார். நானும் என்னுடையதை அடித்தேன், வேண்டியதைவிட ஓங்கியே.

ஓவர்பிரிட்ஜ் சிக்னலில் பக்கத்திலேயே அவர் கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஸ்டியரிங்கில் தாளம் போட்டு, தலையை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு சத்தமும் வெளியே கேட்கவில்லை. தாங்காமல் கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "மழை வருமோ?" என்றார்.

"வராது, நீங்க போங்கோ" என்றேன். பச்சை விழுந்ததும் நான் கிளம்பவில்லை. பின்னால் பஸ்காரன் ஹார்னடித்துத் திட்டினான். அவனை முன்னே விட்டு, எங்கள் இருவருக்கும் நடுவே அந்த பஸ் இருக்கும்படி, பட்டம் வரை மெதுவாகவே போனேன். பாட்டை முடிக்கட்டும்.