ஆவாரைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்!

இந்த வாரம் ஒரு நாள் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால்... பாதிப் பூசணிக்காய்! அதைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

பெங்களூரு நீலசந்திராவில் எங்கள் பில்டிங்கின் மொட்டை மாடியில், டிரம்மில் பூசணி வளர்ப்பவர் அவர். கொடி படரும், பூக்கும். பிஞ்சு மட்டும் வெம்பி உதிரும். தேனீ வந்தால்தானே காய் பிடிக்கும்? எங்கள் சந்துக்குள் அது எதைத் தேடி வரும்?

“இந்தத் தடவையும் காய்க்கலன்னா கொடியப் புடுங்கிப் போட்டுடுவேன். எங்க வூட்டுக்காரரு கிண்டல் தாங்கல” என்றார் ஒரு நாள்.

மனசு கேட்கவில்லை. ஓசூர் ரோடு நர்சரி ஒன்றில் ஆவாரைச் செடி வாங்கிவந்து பக்கத்து டிரம்மில் வைத்தேன். காய்ந்த பூமியில் தானாக வளர்கிற செடி. பூத்தால் வண்டும் தேனீயும் தேடி வருமாம். “வேர் புடிச்சதும் மறந்துடுங்க சார்” என்றார் நர்சரிக்காரர்.

மறப்பதா? நாங்களா?

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய பில்டிங் இது. அரிசி களைந்த தண்ணீரைக்கூடச் சிங்க்கில் ஊற்ற யாருக்கும் கை வராது. செடி வாடுமே என்று, அப்படிச் சேர்த்த தண்ணீரில் தினமும் ஒரு வாளி ஊற்றினேன். இலை மஞ்சளானது. ஐயோ பாவம் என்று இன்னொரு வாளி! இலை உதிர ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் வாளியோடு மாடி ஏறினால், ஸ்டெல்லா அக்கா ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருக்கிறார். என் பின்னாலேயே மேல் வீட்டு மஞ்சுளா — கன்னடக்காரர் — அவர் கையிலும் வாளி!

“நான் தினமும் ஊத்துறேனே!” என்றேன்.

“ஹௌதா? அப்படியா? நானும் டெய்லி ஊத்தறேன் சார்!” என்றார் மஞ்சுளா.

ஸ்டெல்லா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! மூணு பேரும் பாசத்தைக் காட்டியே கொல்லப் பாத்தோமே!”

அன்றிலிருந்து தண்ணீரெல்லாம் முறை வைத்துப் பூசணிக்கு. ஆவாரையை அதன் போக்கில் விட்டோம். பக்கத்தில் போனாலே கை துறுதுறுக்கும்... அக்கறை காட்டுவது சுலபம், சும்மா இருப்பதுதான் எவ்வளவு கஷ்டம்!

மொட்டைக் கிளையில் துளிர் வந்தது. அப்புறம் கொத்துக் கொத்தாக மஞ்சள். ஒரு நாள் பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று அதிர்ந்தது. கூடவே தேனீக்கள். அங்கிருந்து அப்படியே பூசணிப் பூவுக்கு! ஸ்டெல்லா அக்கா மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பூசணியை வாங்கிக்கொண்டு கேட்டேன். “வூட்டுக்காரரு இப்ப என்ன சொல்றாரு?”

“சாம்பாரா, கூட்டான்னு கேக்குறாரு!”

தண்ணீர் ஊற்றாமல் இருந்ததற்கு ஒரு மனிதனுக்குப் பாதிப் பூசணிக்காயா? நன்றி, ஆவாரையே!