படம் பார்த்துவிட்டு வந்த சின்னம்மா

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து அப்பா கிள்ளானிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு ரயில் பட்டறையில் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது.

சின்னம்மா என்னைத் திட்டாத நாள் கிடையாது. விடிந்ததும் "எந்திரிடி, பள்ளிக்கூடம் ஒனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று ஆரம்பிப்பாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு இழுத்துத் தலை பின்னுவாள். அடம்பிடித்தால் முதுகில் ஒன்று வைப்பாள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் பெற்ற தாய்மார்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

எனக்குப் பதினோரு வயதானபோது தமிழ் பேசும்படம் ஒன்று கோலாலம்பூருக்கு வந்தது. எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பகல் ஆட்டத்துக்குப் போனோம். சின்னம்மா கலியாணச் சேலை கட்டியிருந்தாள். அவள் பார்த்த முதல் படம் அது.

படத்தில் ஒரு அம்மா பாயில் படுத்தபடியே நீளமாக ஒரு பாட்டுப் பாடி, மகளை ஆசீர்வதித்துவிட்டு இறந்துபோனாள். அடுத்து மாற்றாந்தாய் வந்தாள். குழந்தையைப் பட்டினி போட்டாள், கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. "நாசமாப் போறவளே!" என்று யாரோ திரையைப் பார்த்துக் கத்தினார்கள். நானும் அழுதேன். சின்னம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு அக்கா என் கன்னத்தைத் தடவி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெத்தவ இல்லாத புள்ள. வீட்டுக்குள்ள என்ன பாடு படுதோ, யாரு கண்டா?"

மறுநாள் சின்னம்மா என்னை எழுப்பவில்லை. நானாக எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. "பள்ளிக்கூடம் போறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். போகவில்லை என்றேன். "சரி" என்றுவிட்டாள். சீப்பு என் தலையில் பட்டும் படாமலும் போனது. ஒரு வாரம் இப்படியே நடந்தது. முதல் இரண்டு நாள் எனக்குக் கொண்டாட்டம். அப்புறம் பயம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல என்னை நடத்தினாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

கேட்கத் தெரியாத வயது. ஒரு சாயங்காலம், அவள் துணி காயப்போடும் நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்டவாளத்தில் ஏறி நடந்தேன். அங்கே போனால் காலை ஒடிப்பேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தாள்.

ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நிறுத்தி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சாகணுமாடி ஒனக்கு? ரயில் வந்தா நான் என்னடி செய்வேன்?"

வாசல்களில் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, அடிச்சிட்டேனே" என்றாள்.

"நீங்க திட்டாம இருந்தாத்தான் பயமா இருக்கு, சின்னம்மா" என்றேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஆமாக்கா, அடிச்சேன். நாளைக்கும் தண்டவாளத்துல நடந்தா நாளைக்கும் அடிப்பேன்."

அக்கா என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "நானா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன்லா" என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் நிறையப் படங்கள் பார்த்தோம். எல்லாவற்றிலும் நல்ல அம்மாக்கள் அழுதார்கள், பாடினார்கள், செத்துப்போனார்கள். சின்னம்மா தாராளமாக அழுவாள். திரையில் மாற்றாந்தாய் வந்தால் கொட்டகையிலேயே அதிகமாகத் திட்டுகிறவளும் அவள்தான்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நாற்பது நாள் என்னோடு இருந்து பத்தியச் சமையல் செய்து போட்டாள். ஒரு மத்தியானம், குழந்தை அவள் மடியில் தூங்கும்போது, "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ, சின்னம்மா" என்றேன். அத்தனை வருடமும் சொல்ல நினைத்தது அது.

"வாய மூடிக்கிட்டுச் சாப்புடு, சோறு ஆறுது" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.