ஈரம் கேட்ட பலகை

பாய் பலகை செய்யும் கொட்டகைக்குப் பருத்திமார் லோடு, அதாவது பஞ்செடுத்து முடித்த காய்ந்த செடிகளை, இறக்கப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது, கதவுக்கு மேலே ஆணியில் தொங்கும் அந்தப் பரீட்சை அட்டையைத்தான். வெல்ல நிறம். கிளிப்பில் மாட்டிய விசாத் தாள் பழுத்துச் சுருண்டுவிட்டது. அட்டை மட்டும் இன்னும் வளையவில்லை.

பாய் சவுதியில் மரத்தூள் பலகைக் கம்பெனியில் பல வருஷம் பசை கலக்கியவர். கண்ணைக் கரிக்கும் அந்த நெடியில் அவர் மூக்கு செத்துப்போனது. வீட்டம்மா பிரியாணி தம்மைத் திறந்தாலும் அவருக்கு அது சுடுதண்ணி ஆவிதான். ஊர் திரும்பியவர், சூடாக்கி அழுத்தும் பழைய பிரஸ் ஒன்றைப் போட்டு, பசையே இல்லாமல் பலகை செய்வேன் என்றார். "செடிக்குள்ளயே பசை இருக்குப்பா. லிக்னின்னு பேரு. மாரு நட்டமா நிக்குதுல்ல, அதாலதான். சூட்டுல இளகும், ஆறுனா இறுகிப்போகும்." எங்கள் ரெட்டியபட்டிப் பக்கம் நல்ல மரத்தை வைரம் பாய்ந்த கட்டை என்போம். "பருத்திமாருக்கு ஏது பாய் வைரம்? ஒரு உலை கொதிக்கிறதுக்குள்ள சாம்பலாயிரும்" என்று நானும் கேலி பேசியவன்தான். வீட்டம்மா அதற்கும் மேலே: "பசையில்லாம பலகையாம்! எச்சி தொட்டு ஒட்டப் போறாகளாக்கும்."

அந்தக் கேலிக்குள் பயம் இருந்தது. பழைய கம்பெனியிலிருந்தே விசா வந்திருந்தது. பலகை நிற்காவிட்டால் பாய் மறுபடி அதே பசைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். பலகையோ கெட்டியாக நிற்கவில்லை. அரைத்த தூளை அழுத்தி எடுத்தால் மண்கட்டி மாதிரி உதிர்ந்தது. நாங்கள் தூளை இன்னும் காயவைத்தோம். வானம் பார்த்த சீமைக்காரனுக்கு வேறென்ன தெரியும்? மல்லியோ மிளகாயோ பருத்தியோ, காய்ந்தால்தான் சரக்கு; ஈரம் என்றால் வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஆனால் தூள் காயக் காயப் பலகை இன்னும் உதிர்ந்தது.

புறப்பட நாலு நாள் இருக்கையில், தூள் காற்றில் பறந்து, கொடியில் கிடந்த பயணத் துணிமேல் படிந்தது. வீட்டம்மா ஆத்திரத்தில் வாசல் தெளிக்கிற மாதிரி குவியல்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டார். "அடியே, கெடுத்திட்டியே!" என்று பாய் தலையில் கைவைத்தார். வேறு தூள் இல்லை. மறுநாள் அதையே அள்ளி அழுத்தினோம். ஆறியதும் பாய் விரல் முட்டியால் தட்டினார். 'டங்'கென்றது. அதை வீட்டம்மா முகத்தருகே நீட்டி, "மோந்து பாரு, நெடி இருக்கா?" என்றார். "பாகு காச்சுற வாசம்ங்க" என்று சொன்ன அந்த அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அளவான ஈரம் இருந்தால்தான் செடிக்குள் இருக்கும் அந்தப் பசை இளகுமாம். பாய் பிறகு விசாரித்துச் சொன்னார். ஈரம் கூடினால் ஆவி கட்டிப் பலகை வெடிக்கும், அதையும் பார்த்தோம். ஈர மண்ணுதான் சொவராகும் என்று எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சொல்வார்கள். சொலவடை எங்கள் வாயில் இருந்தது, புத்தியில் இல்லை. முதல் பலகையில் அறுத்த அட்டையில் விசாவை மாட்டித் தொங்கவிட்டது வீட்டம்மாதான். "இது வளையட்டும், அன்னைக்குப் போங்க."

போன வாரம் தூறலோடு லோடு இறக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய அட்டைகள் அடுக்கடுக்காய் இருந்தன. பாய் ஆணியிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, "நேராத்தான் இருக்கு" என்றார். "தெனம் பாக்குறீகளே, போக ஆசையாக்கும்?" என்று உள்ளிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. பாய் அட்டையை என்னிடம் நீட்டினார். "மோந்து பாருப்பா. அந்தப் பாகு வாசம் இன்னும் இருக்கா?"

வாசம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்படியே இருக்கு பாய்" என்றேன்.