நாலில் விழுந்த மூன்று

பதினோரு வருட சர்வீஸில் கண்டக்டரம்மாவின் கை சும்மா இருந்ததில்லை. கூட்டம் பிதுங்கும் பேருந்திலும் தோல்பையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டேதான் டிக்கெட் கிழிப்பார். டிப்போ மேளக் குழுவில் மூன்றடித் தாளம் அவர் பங்கு. நான்கு அவருடைய நாத்தனாருக்கு. அதே டிப்போவில் பேருந்து கழுவுகிறவள். ஒருத்தி மூன்று அடிக்கும் நேரத்துக்குள் மற்றவள் நான்கு அடிக்க வேண்டும். முதல் அடியில் மட்டும் சந்திப்பார்கள். நடுவில் அவரவர் வழி. "அவ அடிக்கிறத காதால கேளு, கையால கேக்காத" என்பார் குழுவை நடத்தும் மெக்கானிக். இரண்டும் பிசகாமல் ஓடினால், இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வாசிப்பதுபோல் கேட்கும். அதற்குத்தான் இத்தனை பாடு.

புதுப் பணிமனைத் திறப்பு விழாவில், இருநூறு பேர் முன்னால், கண்டக்டரம்மாவின் கை நாத்தனாரின் நான்கில் போய் விழுந்தது. இரண்டு மேளமும் ஒன்றாகக் கேட்கவே, தான்தான் மாறிவிட்டோம் என்று திகைத்த நாத்தனார் கையை நிறுத்தினாள். கூட்டத்துக்குத் தெரிந்தது அந்த நிறுத்தம் மட்டும்.

"யாரும்மா விட்டது?" என்றார் மெக்கானிக்.

"நான்தாண்ணே" என்றாள் நாத்தனார்.

அவள் மேளம் பறிபோய்க் கைத்தாளம் வந்தது. கண்டக்டரம்மா வாய் திறந்தது ஒரே தடவை: "விடுடி, பதட்டத்துல எல்லாருக்கும் ஆகறதுதான்." அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசும்.

மறுநாள் மாலை, வீட்டுக் குளியலறை வாசலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு நாத்தனார் தட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரமே தோற்றுப்போகும் துல்லியத்தில் நான்கு நான்காக.

"அண்ணி, எங்க தப்பு விடறேன்னு கேட்டுச் சொல்லுங்களேன். ரெண்டு மணி நேரமா தேடறேன், கெடைக்கவே மாட்டேங்குது."

கண்டக்டரம்மா வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கெடைக்காது. தப்பு உங்கிட்ட இல்ல. நான்தான் உன் நாலுல வந்து விழுந்தேன்."

வாளி நின்றது. "விழுந்துட்டு, எனக்கே ஆறுதல் வேற சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இத இந்த வாளிகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க குழு முன்னால வந்து சொல்லுங்க."

சொன்னார். குழுவினர் பன்னிரண்டு பேர் நடுவில் குரலே எழும்பவில்லை.

"சத்தமா சொல்லும்மா! பஸ்ல கடைசி சீட்டு வரைக்கும் கேக்குமே உன் குரல்" என்றார் மெக்கானிக். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நான்கு நாத்தனாருக்குத் திரும்பியது. மூன்றை ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டார். கைத்தாளத்தைக் கண்டக்டரம்மா தாமே கேட்டு எடுத்துக்கொண்டார். மூன்றும் நான்கும் சந்திக்கும் முதல் அடியில் மட்டும் அது ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் நாத்தனார் நிமிர்ந்து பார்க்கிறாள். கண்டக்டரம்மா தம் கையிலிருக்கும் தாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.