நகத்தில் நின்ற பால்

அமலாவை ஓரிடத்தில் உட்கார வைக்க மாதாவே இறங்கி வந்தாலும் முடியாது. சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பாள். மண்டகப்பட்டில் அவளும் அவள் செம்மறிகளும் போவதைப் பார்த்தால், யார் யாரை ஓட்டுகிறார்கள் என்றே சந்தேகம் வரும்.

குகைக்கோயில் பாறைக்குப் பின்னால் முள்ளும் சருகும் தின்று ஆடுகளின் மடி சுருங்கிக் கிடந்தது. குட்டி போட்டிருக்கும் இந்த ஈற்றுக்காவது நல்ல தீனி கொடுத்தே தீருவது என்று அவளுக்கு ஒரு வெறி. கோதண்டபாணியின் கரும்பு வரப்பெல்லாம் பசேலென்று புல். நைச்சியமாகப் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். பகலில் ஆடு அங்கே மேயும். ராத்திரி சும்மா கிடக்கும் அவர் கொல்லையிலேயே கிடை மடங்கும், புழுக்கை நிலத்துக்கு உரம். விதைப்பு வரைக்கும் என்று வாய்ப்பேச்சு. கிடைக்குக் கொடுத்த வாக்கை மீறினால் அப்புறம் எவர் கொல்லையிலும் கால் வைக்க முடியாது.

மடி புடைத்துக்கொண்டு நின்றது. “பாத்தியா, பச்சை தின்னா பாலு எப்டி ஊறுது!” என்று புருஷன் ஆரோக்கியராஜிடம் பீற்றிக்கொண்டாள். அவன் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன்.

பீற்றிய வாய் மூடவில்லை, குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. குடிக்கக் குடிக்கக் கழிந்தன. ஒன்று செத்தே போனது. செவலை ஆட்டின் குட்டி தலை தூக்கவில்லை. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றினாள். மருந்து ஊற்றினாள்; நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிடையைச் சுற்றி நடையாய் நடந்தாள்.

“இன்னாத்துக்கு இப்டி பேயாட்டம் சுத்திக்கினு இருக்கே? ஒக்காரு” என்றான் ஆரோக்கியராஜ்.

“குட்டி சாவுது, நான் ஒக்காந்துக்கினு பாக்கணுமா?”

பாலைக் கறந்தாவது புகட்டலாம் என்று செவலையின் காம்பைப் பிடித்தாள். ஒரு சொட்டு கட்டைவிரல் நகத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் வழிந்து ஓடியது. அமலாவுக்குத் திக்கென்றது. அவள் பிள்ளை பெற்றிருந்தபோது அவள் பாலையும் பெண்கள் இப்படித்தான் நகத்தில் விட்டுப் பார்த்தார்கள். நின்றால் கெட்டிப் பால். ஓடினால் தண்ணிப் பால்; “இன்னாடி தின்னே?” என்று அவளைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள்.

“இன்னாடி தின்னே?” என்று செவலையைக் கேட்டாள். அதன் கடைவாயில் பச்சைச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது.

அட கடவுளே! இளம்புல்லில் பாதி தண்ணீர். மடி நிறைய ஊறியதும் அதுதான். ஆசைப்பட்டுக் குட்டியைக் கொன்றது நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் கோதண்டபாணி வழி மறித்தார். “இன்னாம்மா, ஆட்டை எங்க ஓட்டிக்கினு போறே? பேசின பேச்சு இன்னா ஆச்சு?”

“பேச்சு மாறலைங்க. கிடை உங்க கொல்லையிலதான். மேய்ச்சல் மட்டும் பாறைக்கு. பொழுது சாயறப்ப கொண்ணாந்துர்றேன்.”

“பச்சையை வுட்டுட்டு முள்ளு மேய்க்கப் போறியா? தெனம் இம்மாந் தூரம் நடந்தா உன் காலு இன்னாத்துக்கு ஆவும்?”

“என் காலு சும்மா இருந்தாத்தாங்க பேஜாரு.”

ஆடுகள் லேசில் வரவில்லை. ருசி கண்ட நாக்கல்லவா, நாலடி போவதும் வரப்புக்கே திரும்புவதுமாக அவளைப் படாத பாடு படுத்தின. பாறையடியில் வேலங்காய் உலுக்கிப் போட்டாள். ஆரோக்கியராஜ் காய்ந்த மல்லாட்டைக் கொடி கொண்டுவந்தான். மடி வற்றியது. இருக்கிற பாலையும் கெடுத்துவிட்டேனோ? தினமும் நகத்தில் சொட்டு விட்டாள். ஓடியது. பிறகு கொஞ்சம் மெதுவாக ஓடியது.

ஒரு சாயங்காலம், சொட்டு நின்றது. விரலைச் சாய்த்தாள். அப்போதும் நின்றது. செவலைக் குட்டி காம்பைக் கவ்வி, கடைவாயில் நுரை தள்ளத் தள்ளக் குடித்தது. அதற்கப்புறம் கழியவில்லை. தள்ளாடி வந்து அவள் காலை முட்டியது. அமலா அப்படியே கொல்லை மண்ணில் காலை நீட்டினாள். குட்டி அவள் மடியில் சுருண்டு தூங்கிப்போனது.

போன் அடித்தது. “இன்னும் வூட்டுக்கு வராம எங்க சுத்திக்கினு இருக்கே?” என்றான் ஆரோக்கியராஜ்.

“சுத்தல. ஒக்காந்துக்கினு இருக்கேன்.”



“யாரு, நீயா?” என்றான்.